நெகட்டிவ் எங்கே முடிகிறது? ஃப்ளோ சைட்டோமெட்ரி அனுபவக் குறிப்புகள்

செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓட்டி, அவற்றில் ஒட்டிய சாயத்தின் ஒளியை அளக்கும் முறைதான் ஃப்ளோ சைட்டோமெட்ரி. தேடும் அடையாளம் இருந்து ஒளிரும் செல் பாசிட்டிவ், அது இல்லாத செல் நெகட்டிவ். இதைப் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "பாசிட்டிவ் எத்தனை சதவீதம்?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை, அந்த எண்ணுக்காகத்தானே இவ்வளவு பாடும். ஆனால் பல ஆண்டுகளாக இந்தக் கருவியோடும் இதைப் பயன்படுத்த வருகிறவர்களோடும் வேலை செய்ததில் என் கண்ணுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் எந்த வரைபடத்தைக் காட்டினாலும் முதலில் நெகட்டிவ் செல்களைத்தான் பார்ப்பேன். அவை எங்கே இருக்கின்றன, எவ்வளவு அகலமாகப் பரவியிருக்கின்றன, எங்கே முடிகின்றன என்று தெரியாமல் பாசிட்டிவ் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒளிரும் ஆன்டிபாடிகளை (குறிப்பிட்ட ஓர் இலக்கைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களை) வைத்து நோய் எதிர்ப்பு செல்களை அடையாளம் காண்பதில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை, நெகட்டிவாக இருக்க வேண்டிய செல் ஏதோ ஒரு காரணத்தால் பாசிட்டிவ் போலத் தெரிவதால் வருபவை. அந்தக் காரணங்களைப் புதிதாக வருகிறவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. எழுத்தில் ஒருமுறை வைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

கருவி செய்வது எளிமையான வேலை. செல்கள் மிதக்கும் திரவத்தைச் சுற்றி இன்னொரு திரவம் வேகமாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் நெருக்கத்தில் செல்கள் எறும்பு வரிசை போல ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியைக் கடக்கின்றன. முன்பக்கமாகச் சிதறும் ஒளி செல்லின் பருமனைப் பற்றி ஓரளவு சொல்லும். பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளே எவ்வளவு துகள்கள் இருக்கின்றன என்று சொல்லும். சிவப்பணுக்களை உடைத்து நீக்கிய ரத்தத்தில் இந்த இரண்டை மட்டும் வைத்தே லிம்போசைட், மோனோசைட், கிரானுலோசைட் என்ற வெள்ளையணு வகைகளை மூன்று மேகங்களாகப் பிரித்துப் பார்த்துவிடலாம். ஆனால் லிம்போசைட் மேகத்துக்குள் இருக்கும் டி செல்லும் பி செல்லும் இந்த ஒளிக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அங்கேதான் ஆன்டிபாடி தேவைப்படுகிறது.

ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தை ஒட்டலாம் என்று ஆல்பர்ட் கூன்ஸ் 1940-களிலேயே காட்டிவிட்டார். 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் மோனோகுளோனல் ஆன்டிபாடி தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகு, ஒரே இலக்கை மட்டும் பிடிக்கும், அளவில்லாமல் தயாரிக்கக்கூடிய ஆன்டிபாடிகள் கிடைக்க ஆரம்பித்தன. 1984-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆளாளுக்கு ஆன்டிபாடி தயாரித்து ஆளாளுக்குப் பெயர் வைத்த குழப்பத்தைத் தீர்க்கத்தான், 1982-இல் பாரிஸில் கூடிய ஆய்வாளர்கள், ஆன்டிபாடிகள் பிடிக்கும் செல் அடையாளங்களுக்கு எண் தரும் சிடி முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று நாம் சிடி3, சிடி4 என்று சாதாரணமாகப் பேசுவது அதனால்தான்.

அடிப்படைப் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளையணுக்கள் எல்லாவற்றிலும் சிடி45, டி செல்லில் சிடி3, அதற்குள் உதவி டி செல்லில் சிடி4, கொல்லும் டி செல்லில் சிடி8, பி செல்லில் சிடி19, மோனோசைட்டில் சிடி14, என்கே (இயற்கைக் கொல்லி) செல்லில் சிடி56. இதை மனப்பாடம் செய்ததும் பலருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும், சிடி4 ஒளிர்ந்தால் அது உதவி டி செல் என்று. ஒரு ரத்த சாம்பிளில் ஃபிகால் முறையில் (அடர்த்தி வித்தியாசத்தை வைத்து) பிரித்தெடுத்த செல்களை சிடி4 ஆன்டிபாடியால் மட்டும் ஸ்டெயின் செய்து (சாயமேற்றி) ஹிஸ்டோகிராம் போட்டுப் பாருங்கள். இரண்டு மலைகளை எதிர்பார்ப்பீர்கள், மூன்று தெரியும். இடது ஓரத்தில் நெகட்டிவ், வலது ஓரத்தில் பளிச்சென்று உதவி டி செல்கள், நடுவே மங்கலாக ஒரு மேடு. அந்த நடு மேடு பெரும்பாலும் மோனோசைட்டுகள். மனித மோனோசைட்டின் மேற்பரப்பிலும் சிடி4 கொஞ்சம் உண்டு. அதேபோல என்கே செல்களில் ஒரு பகுதி சிடி8-ஐ மங்கலாகக் காட்டும், டி செல்களில் சில சிடி56-ஐக் காட்டும். ஒரு செல்லை இன்னது என்று சொல்ல அதில் இருப்பது மட்டும் போதாது. எது அதில் இல்லை என்பதும் வேண்டும். சிடி3 இருக்கிறது, சிடி14 இல்லை, சிடி19 இல்லை, பிறகுதான் சிடி4. நான் புதிதாக ஒரு பேனல் (ஒரே டியூபில் சேர்த்துப் போடும் ஆன்டிபாடிகள், சாயங்களின் பட்டியல்) எழுதும்போது, வேண்டாத செல்களின் அடையாளங்களை எல்லாம் ஒரே நிறத்தில் வைத்து, அந்த நிறம் காட்டும் எல்லாவற்றையும் மொத்தமாக வெளியே தள்ளுவேன். செத்த செல்லைக் காட்டும் சாயத்தையும் அந்த நிறத்தை அளக்கும் அதே டிடெக்டரிலேயே வைத்துவிடலாம். ஒரு நிறம் மிச்சம்.

இந்தக் கணக்கெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. எச்ஐவி தொற்று உள்ளவரின் சிடி4 எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே போனால், சந்தர்ப்பவாதத் தொற்றுகளைத் தடுக்கும் மருந்து வரை பல முடிவுகள் அதை வைத்தே எடுக்கப்படுகின்றன. ரத்தப் புற்றுநோயில் எந்த வகை என்று சொல்வதற்கும், சிகிச்சைக்குப் பின் மிச்சமிருக்கும் ஒருசில நோய்ச் செல்களைத் தேடுவதற்கும் இதே முறைதான். அங்கே நெகட்டிவை பாசிட்டிவ் என்று எண்ணுவதன் விலையை ஒரு மனிதர் கொடுக்கிறார். இதை நினைத்துக்கொண்டுதான் நான் மாணவர்களிடம், ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கண்ட்ரோல் டியூப்களைப் பற்றி விடாமல் பேசுகிறேன்.

செத்த செல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். செத்த செல்லின் சவ்வு ஓட்டையாகிவிடுவதால் ஆன்டிபாடி உள்ளே போய்க் கண்டபடி ஒட்டிக்கொள்ளும். தானாக ஒளிரும் தன்மையும் கூடிவிடும். எந்த ஆன்டிபாடியைப் போட்டாலும் செத்த செல் பாசிட்டிவ் போலத் தெரியும். உறைநிலையிலிருந்து எடுத்த சாம்பிளிலும் திசுவைச் செரித்து எடுத்த செல்களிலும் இது நிறைய. சிதறல் ஒளியை வைத்தே செத்தவற்றை நீக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், பாதி தப்பிவிடும். உயிருள்ளதா என்று காட்டும் சாயம் எல்லாப் பேனலிலும் இருக்க வேண்டும். செல்களை ஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தப் போவதில்லை என்றால் 7-ஏஏடி அல்லது டேப்பி என்ற சாயம் போதும். நிலைநிறுத்தப் போகிறீர்கள் என்றால் புரதத்தோடு ரசாயனப் பிணைப்பு கொள்ளும் வகைச் சாயம் வேண்டும். இந்த இரண்டாம் வகையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சாயத்தைப் போடும்போது பஃபரில் சீரமோ பிஎஸ்ஏ என்ற புரதமோ இருக்கக் கூடாது. இருந்தால் சாயம் அந்தப் புரதத்தோடேயே ஒட்டிச் செலவாகிவிடும், செத்த செல்லுக்கு மிச்சம் இருக்காது. வெறும் பிபிஎஸ்-இல் (புரதமில்லாத உப்புக் கரைசல்) ஒருமுறை நன்றாகக் கழுவிவிட்டு, பிபிஎஸ்-இலேயே சாயம் போட்டு, அதற்குப் பிறகு புரதமுள்ள பஃபருக்கு வாருங்கள்.

அப்புறம் எஃப்சி ரிசெப்டர். மோனோசைட், பி செல், என்கே செல் இவற்றின் மேல் ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பிடிக்கும் ரிசெப்டர்கள் உண்டு. இலக்கை அறியாமலே ஆன்டிபாடி அங்கே போய் உட்கார்ந்துவிடும். மனிதச் செல் என்றால் மனித ஐஜிஜி ஆன்டிபாடி அல்லது அதற்கென்று விற்கும் பிளாக், எலிச் செல் என்றால் சிடி16/32-ஐ அடைக்கும் ஆன்டிபாடி, இவற்றில் ஏதாவது ஒன்றை முன்கூட்டியே பத்து நிமிடம் போட வேண்டும். இதைப் போட்ட பிறகும் சில சாயங்கள் மோனோசைட்டை விடாது. பிஇ-சை5 போன்ற சயனின் கலந்த கூட்டுச் சாயங்கள் (இரண்டு சாயங்கள் சேர்ந்தவை) மோனோசைட்டோடு தாமாகவே ஒட்டும். மோனோசைட் எதிர்பாராத நிறத்தில் ஒளிர்கிறது என்று யாராவது சொன்னால், அந்த நிறத்தில் எந்தச் சாயம் என்றுதான் முதலில் கேட்பேன்.

ஆன்டிபாடியின் அளவு பற்றி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலானோர் பாட்டிலில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். ஒரு சாம்பிளுக்கு 5 மைக்ரோலிட்டர் என்று போட்டிருந்தால் 5 மைக்ரோலிட்டர். தயாரிப்பாளர்கள் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தாராளமாகத்தான் எழுதுவார்கள். கூடுதலாகப் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். பாசிட்டிவ் செல்லின் ஒளி ஓர் எல்லைக்கு மேல் ஏறாது, ஏனென்றால் இலக்குகள் எல்லாம் நிரம்பிவிட்டன. ஆனால் மிச்சமுள்ள ஆன்டிபாடி போவதற்கு இடமில்லாமல் நெகட்டிவ் செல்களின் மேல் உட்கார ஆரம்பிக்கும். பாசிட்டிவ் அப்படியே நிற்க, நெகட்டிவ் மெல்ல மெல்ல மேலே ஏறி வரும். இடைவெளி குறுகும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் டைட்ரேஷன் செய்யுங்கள். சொல்லப்பட்ட அளவில் ஆரம்பித்து பாதி, கால், அரைக்கால் என்று ஆறேழு டியூப்கள். எல்லாவற்றிலும் ஒரே செல்கள், ஒரே கன அளவு, ஒரே நேரம். முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இடது பக்கம் நெகட்டிவ் கூட்டம் அதிக அளவில் கொழுத்து மேலே நிற்பதும், அளவு குறையக் குறைய மெலிந்து கீழே இறங்குவதும் தெரியும். பாசிட்டிவ் கூட்டம் சில டியூப்கள் வரை அசையாது, பிறகு சரிய ஆரம்பிக்கும். பாசிட்டிவின் மீடியனிலிருந்து (நடு மதிப்பிலிருந்து) நெகட்டிவின் மீடியனைக் கழித்து, நெகட்டிவின் திட்ட விலக்கத்தைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால் ஸ்டெயின் இன்டெக்ஸ் கிடைக்கும். அது உச்சத்தில் இருக்கும் அளவுதான் உங்கள் அளவு. பல நேரம் அது பாட்டிலில் எழுதியிருப்பதைவிடக் குறைவாகவே வரும், ஆகவே பணமும் மிச்சமாகும். ஒரு எச்சரிக்கை: ஆன்டிபாடி போதிய அளவில் இருக்கும்வரை செல் எண்ணிக்கை கொஞ்சம் கூடுவது குறைவதைவிட, ஸ்டெயின் செய்யும் கன அளவு மாறுவதுதான் அதிகம் பாதிக்கும். 100 மைக்ரோலிட்டரில் கண்டுபிடித்த அளவை 50-க்குக் கொண்டுபோனால் செறிவு இரண்டு மடங்காகிவிடும்.

இனி நிறங்கள். எஃப்ஐடிசி என்ற சாயம் 519 நானோமீட்டர் பக்கத்தில் ஒளிரும், பிஇ என்ற சாயம் 578 பக்கத்தில். எண்கள் தள்ளித் தள்ளி இருப்பதுபோலத் தெரிந்தாலும், ஒவ்வொரு சாயத்தின் ஒளியும் நீண்ட வாலோடு வருகிறது. எஃப்ஐடிசி-யின் வால் பிஇ-யின் டிடெக்டரில் விழும். அதைக் கழிப்பதுதான் காம்பென்சேஷன். ஆனால் காம்பென்சேஷன் கழிப்பது சராசரியைத்தான், பரவலை அல்ல. ஒளி போட்டான்களாக வருகிறது, போட்டான் எண்ணிக்கையில் இயல்பாகவே ஏற்ற இறக்கம் உண்டு. பிரகாசமான சாயத்தின் பெரிய வாலைக் கழித்துச் சராசரியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாலும், அந்த ஏற்ற இறக்கம் அங்கேயே இருக்கும். நெகட்டிவ் கூட்டம் மேலும் கீழுமாக எக்காளம் போல விரிந்து நிற்பது இதனால்தான். அது காம்பென்சேஷன் பிழை என்று நினைத்து எண்ணைக் கையால் மாற்றிக் கூட்டத்தை ஒடுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சராசரியும் கெட்டுவிடும், பரவலும் போகாது.

ஆகவே பேனல் எழுதும்போதே இதைத் தீர்த்தாக வேண்டும். மங்கலாக இருக்கும் அடையாளத்துக்குப் பிரகாசமான சாயம், செல்லில் ஏராளமாக இருக்கும் அடையாளத்துக்கு மங்கலான சாயம் என்பது எல்லோரும் சொல்வது. அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது, ஒரே செல்லில் சேர்ந்து வரும் அடையாளங்கள் எவை என்பதை. சிடி3-உம் சிடி19-உம் ஒரே செல்லில் வராது, ஆகவே அவற்றை ஒன்றின்மேல் ஒன்று சிந்தும் நிறங்களில் வைத்தாலும் பெரிய நஷ்டமில்லை. சிடி4-உம் சிடி25-உம் ஒரே டி செல்லில் வரும். சிடி4-க்குப் பளிச்சென்ற சாயம் கொடுத்து, அது சிந்தும் டிடெக்டரில் சிடி25-ஐ வைத்தால், சிடி25 கொஞ்சமாக இருக்கும் செல்கள் அந்தப் பரவலுக்குள் மூழ்கிவிடும். எந்தச் சாயம் எந்த டிடெக்டரில் எவ்வளவு பரவுகிறது என்ற அட்டவணையை உங்கள் கருவியிலேயே அளந்து சுவரில் ஒட்டிவைப்பது நல்லது. 2020-இல் 40 நிறங்களில் மனித ரத்தத்தைப் பிரிக்கும் பேனல் வெளியாகிவிட்டது. முழு நிறமாலையையும் அளக்கும் கருவிகள் வந்த பிறகுதான் அது முடிந்தது. ஆனால் அந்தக் கருவிகளிலும் இந்தப் பரவல் அப்படியேதான் இருக்கிறது.

சிடி25 என்றதும் எஃப்எம்ஓ என்ற கண்ட்ரோல் டியூப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டுப்படுத்தும் டி செல்லைத் தேடுபவர்கள் சிடி4 உள்ள, சிடி25 அதிகமுள்ள, சிடி127 குறைவான செல்களைப் பார்ப்பார்கள். சிடி4 வரைபடத்தில் ஒரு குழந்தையும் கோடு போட்டுவிடும், இரண்டு கூட்டமும் அவ்வளவு விலகி இருக்கும். சிடி25 அப்படியல்ல. இல்லாததிலிருந்து நிறைய உள்ளது வரை ஒரே தொடர்ச்சியாக நீண்டு கிடக்கும். கோட்டை எங்கே போடுவது? ஸ்டெயின் செய்யாத டியூபைப் பார்த்துப் போட்டால் தவறும், ஏனென்றால் அதில் மற்ற நிறங்களின் பரவல் இல்லை. செல்லில் இலக்கு இல்லாத ஓர் ஆன்டிபாடியைப் போடும் ஐசோடைப் கண்ட்ரோலும் இதற்கு உதவாது. அதன் செறிவும் ஒரு ஆன்டிபாடிக்கு எத்தனை சாய மூலக்கூறு என்பதும் உங்கள் ஆன்டிபாடியோடு ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எஃப்எம்ஓ என்பது பேனலில் உள்ள எல்லா ஆன்டிபாடிகளையும் போட்டு, சிடி25-ஐ மட்டும் விட்ட டியூப். மற்ற எல்லா நிறங்களும் சேர்ந்து சிடி25-இன் இடத்தில் எவ்வளவு விரிவை உண்டாக்குகின்றன என்று அது நேராகக் காட்டிவிடும். அந்த விரிவு முடியும் இடத்துக்கு மேலே இருப்பதைத்தான் பாசிட்டிவ் என்று சொல்ல முடியும். எல்லா நிறத்துக்கும் எஃப்எம்ஓ வேண்டியதில்லை. கூட்டங்கள் தெளிவாகப் பிரியாத நிறங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

காம்பென்சேஷன் கண்ட்ரோல்களுக்குச் சில விதிகள் உண்டு. ஒற்றைச் சாயம் போட்ட டியூப் உங்கள் உண்மையான சாம்பிளைவிடக் குறைந்த ஒளியில் இருக்கக் கூடாது. அதற்குள் இருக்கும் பாசிட்டிவும் நெகட்டிவும் ஒரே தன்னொளி கொண்டவையாக இருக்க வேண்டும், செல்லுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் நுண்மணிகளின் பாசிட்டிவுக்குச் செல்களின் நெகட்டிவைத் துணை சேர்க்கக் கூடாது. சாயம் அச்சு அசல் அதே சாயமாக இருக்க வேண்டும். ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதத்துக்குப் பதிலாக எஃப்ஐடிசி வைத்துச் சமாளிக்க முடியாது. சாம்பிளை ஃபார்மால்டிஹைடில் வைத்தால் கண்ட்ரோலையும் வைக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதி எதற்கு என்று ஒரு மாணவியின் சாம்பிள் எனக்கு நன்றாகக் காட்டியது. அவள் சிடி8-க்கு பிஇ-சை7-உம், பிடி-1 என்ற அடையாளத்துக்கு பிஇ-யும் வைத்திருந்தாள். "அக்கா, சிடி8 செல் எல்லாமே பிடி-1 காட்டுது, சிடி4-ல ஒண்ணுமே இல்ல" என்று உற்சாகமாகப் படத்தைக் கொண்டுவந்தாள். பார்த்தால் பிடி-1 கூட்டம் தனி மேகமாக இல்லை. சிடி8 கூடக் கூட பிடி-1-உம் அதே விகிதத்தில் கூடி, சாய்ந்த கோடுபோல ஏறிப் போனது. ஒரு செல்லில் இரண்டு அடையாளங்கள் இவ்வளவு ஒழுங்காகச் சேர்ந்து ஏறுவது அபூர்வம். சாம்பிள் நிலைநிறுத்தப்பட்டு மறுநாள் வரை இருந்திருக்கிறது, காம்பென்சேஷன் கண்ட்ரோலோ அன்று காலையில் புதிதாகச் செய்தது.

பிஇ-சை7 என்பது இரண்டு சாயங்கள் சேர்ந்தது. லேசர் ஒளியை பிஇ வாங்கிப் பக்கத்திலிருக்கும் சை7-க்குக் கைமாற்றும், சை7 780 நானோமீட்டர் பக்கத்தில் ஒளிரும். வெளிச்சமோ நிலைநிறுத்தும் ரசாயனமோ வெப்பமோ அந்தச் சை7 பகுதியைக் கெடுத்தால், கைமாற்ற ஆளில்லாமல் பிஇ தானே ஒளிர ஆரம்பிக்கும். பிஇ டிடெக்டருக்கு அது பிடி-1 என்று தெரியும். சோதிக்க வழி எளிது. சிடி8 பிஇ-சை7 மட்டும் போட்ட ஒரு டியூபை அதே மாதிரி நிலைநிறுத்தி, அதே நேரம் வைத்திருந்து ஓட்டினோம். பிடி-1 ஆன்டிபாடி ஒரு துளிகூட இல்லாத டியூபில் அதே சாய்ந்த கோடு வந்தது. அவள் பிறகு சிடி8-ஐ வேறு சாயத்துக்கு மாற்றினாள். அன்றிலிருந்து கூட்டுச் சாயங்களுக்கு எங்களிடம் இருக்கும் வழக்கம் இதுதான்: ஸ்டெயினிங் முழுவதும் இருட்டில், நிலைநிறுத்திய பின் கூடுமானவரை அன்றைக்கே கருவியில், கண்ட்ரோல் அதே பாட்டிலிலிருந்து. பிஇ, ஏபிசி சாயமுள்ள எதையும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இவை புரதச் சாயங்கள், உறைந்தால் கெட்டுவிடும்.

"புதுவகை செல்" என்று வரும் இன்னொரு வகைப் படம், சிடி3-உம் சிடி14-உம் சேர்ந்தது. டி செல்லும் மோனோசைட்டும் ஒட்டிக்கொண்டு லேசரைக் கடந்தால் கருவிக்கு அது ஒரே செல். ஒளித் துடிப்பின் உயரத்தையும் பரப்பையும் எதிரெதிராக வைத்துப் பார்த்தால் தனிச் செல்கள் நேர்க்கோட்டில் வரும், இரட்டைகள் பரப்பு கூடிக் கோட்டைவிட்டு விலகும். அதை வெட்டியும் சில தப்பிவிடும், ஆகவே எதிர்பாராத இரட்டை அடையாளம் எதைக் கண்டாலும், செல்கள் ஒட்டாமல் இருக்க பஃபரில் 2 மில்லிமோலார் ஈடிடிஏ சேர்த்து, சல்லடையில் வடிகட்டி, ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். சதவீதம் சரிந்தால் அது புதுவகை செல் அல்ல.

ஸ்டெயினிங் மேசையில் நான் பழகிய சில சின்ன விஷயங்கள். ஆன்டிபாடிக் கலவையைச் செல்லில் போடுமுன் மைக்ரோஃப்யூஜில் சில நிமிடம் வேகமாகச் சுற்றி, மேலே உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். அடியில் தங்கும் திரள்கள்தான் வரைபடத்தின் மூலையில் அசாதாரணப் பிரகாசத்தோடு சிதறிக் கிடக்கும் புள்ளிகள். பிரில்லியன்ட் வயலட் வகைப் பாலிமர் சாயங்கள் இரண்டோ அதற்கு மேலோ ஒரே கலவையில் இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டும், அதற்கென்று இருக்கும் ஸ்டெயின் பஃபர் அவசியம். மேற்பரப்பு அடையாளங்களுக்குப் பொதுவாக ஐஸில் 20 முதல் 30 நிமிடம். சிசிஆர்7 போன்ற கீமோகைன் ரிசெப்டர்களுக்கு 37 டிகிரியில் வைத்தால் இன்னும் தெளிவாக வரும், நினைவு டி செல்களைப் பிரிப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம் தரும்.

இதுவரை சொன்னதெல்லாம் நெகட்டிவ் பாசிட்டிவாகத் தெரிவது பற்றி. எதிர்ப்பக்கமும் உண்டு, பாசிட்டிவ் செல் நெகட்டிவ் இடத்துக்கு வந்து நிற்பது. பிஎம்ஏ, அயனோமைசின் என்ற ரசாயனங்களைப் போட்டுத் தூண்டிய மனித டி செல்கள் சிடி4-ஐ மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். செல்கள் சுரக்கும் சைட்டோகைன் புரதங்களைப் பார்க்கிறவர்கள் சிடி4 செல் குறைந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது, சவ்வைத் துளைத்த பிறகு உள்ளே சிடி4-ஐ ஸ்டெயின் செய்தால் கிடைக்கும். திசுவைச் செரிக்கும் சில நொதிகள் மேற்பரப்பு அடையாளங்களை வெட்டிவிடும், அதே நொதியில் ரத்தச் செல்களைப் போட்டு எடுத்து எது குறைகிறது என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனைச் சாம்பிளில் நோயாளி என்ன மருந்து எடுக்கிறார் என்று கேளுங்கள். சிடி38-ஐப் பிடிக்கும் டாரட்டுமுமாப் என்ற ஆன்டிபாடி மருந்தை எடுப்பவரின் பிளாஸ்மா செல்களில் சிடி38-ஐ அந்த மருந்தே மூடியிருக்கும், நம் ஆன்டிபாடிக்கு இடம் இருக்காது.

அபூர்வ செல்களைத் தேடுகிறவர்களுக்கு எண்ணிக்கைக் கணக்கு ஒன்று. நீங்கள் தேடும் செல் 100 மட்டுமே கிடைத்தால், எண்ணுவதில் மட்டுமே 10 சதவீதத் தடுமாற்றம் உண்டு. 400 கிடைத்தால் 5 சதவீதம். 10,000 செல்லுக்கு ஒன்று என்ற அளவில் இருப்பதை 400 சேர்க்க வேண்டுமானால் 40 லட்சம் செல்கள் கருவியைக் கடந்தாக வேண்டும். அதே அளவு செல்களை எஃப்எம்ஓ டியூபிலும் ஓட்டுங்கள். அங்கே அந்தக் கட்டத்துக்குள் 300 புள்ளிகள் விழுந்தால், சாம்பிளில் கண்ட 400-ஐ வைத்து என்ன பேச முடியும்? முந்தைய சாம்பிளின் மிச்சமும் இந்த அளவில் எண்ணிக்கையைக் குழப்பும். நிறையப் பாசிட்டிவ் உள்ள டியூபுக்கும் அபூர்வ சாம்பிளுக்கும் நடுவில் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலையும், பிறகு சுத்தமான நீரையும் ஓட்டுங்கள். நேரத்தை ஒரு அச்சில் வைத்து ஒளியைப் பார்ப்பதும் நல்லது, காற்றுக் குமிழியோ அடைப்போ வந்த விநாடிகள் தனியாகத் தெரியும், வெட்டிவிடலாம்.

குறிப்பேட்டில் என்னென்ன எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: சிடி3 ஆன்டிபாடி என்று மட்டும் எழுதினால் போதாது. ஓகேடி3-ஆ, யுசிஎச்டி1-ஆ, எஸ்கே7-ஆ என்ற குளோன் பெயர், சாயம், லாட் எண், டைட்ரேஷனில் கிடைத்த அளவு, கன அளவு, ஒவ்வொரு டிடெக்டரின் வோல்டேஜ், காலையில் ஓட்டிய தரக்கட்டுப்பாட்டு மணிகளின் முடிவு எல்லாம் வேண்டும். கேட் (செல்களைத் தேர்ந்தெடுக்கும் எல்லைக்கோடு) போட்ட படத்தோடு எஃப்எம்ஓ படத்தையும் அதே அச்சு அளவில் பக்கத்தில் ஒட்டுங்கள், பார்ப்பவருக்குக் கோடு ஏன் அங்கே இருக்கிறது என்று உடனே புரியும். கூட்டுச் சாயங்களில் ஒரே பெயரில் வரும் இரண்டு லாட்டுகளே வேறு வேறு அளவில் சிந்தலாம். புதிய லாட் வந்தால், பழைய பாட்டிலில் கொஞ்சம் மீதி இருக்கும்போதே இரண்டையும் ஒரே சாம்பிளில் ஒரே நாளில் ஓட்டி ஒப்பிட்டு, அந்தப் படத்தையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.